செண்பகனூர்: கடல் இல்லாத தீவில் மதில் இல்லாத மடம்... கொடைக்கானல் மலையில் இயேசு சபைத் துறவிகள் காப்பாற்றியது எதை?

வத்தலகுண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறும் சுற்றுலா வண்டிகளில் பெரும்பாலானவை முதலில் நிற்கும் இடம் வெள்ளி நீர்வீழ்ச்சி. ஒரு செல்ஃபி, ஒரு சுட்ட சோளம், ஒரு டீ. அதோடு வண்டி நேரே ஏரிக்குப் போய்விடும். நடுவில் செண்பகனூர் என்று ஓர் ஊர் வந்து போனதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

அந்த ஊரில்தான் 1895-ல் தொடங்கப்பட்ட திருஇருதயக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி என்று பெயர் இருந்தாலும், இது மாணவர்கள் பட்டம் வாங்கும் கலைக் கல்லூரி இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் இயேசு சபைத் துறவிகள் குருத்துவத்துக்காகப் படித்த குருமடம். ஜெபம், படிப்பு, மௌனம் என்று நடந்த அதே இடத்தில்தான் பழனி மலையின் செடிகளும் பூச்சிகளும் பாம்புகளும் பறவைகளும் சேகரிக்கப்பட்டு, பெயர் எழுதி அடுக்கி வைக்கப்பட்டன.

சாமியார்களுக்குச் செடி எதற்கு? மலைமேல் போய் மடம் கட்டியது ஏன்? அங்கே சேர்த்து வைத்ததால் இன்றைக்கு யாருக்கு என்ன பயன்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தீவு மடம் என்றால் என்ன?

கிறிஸ்தவத் துறவு வாழ்க்கைக்கும் தீவுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஊர் சந்தடியிலிருந்து விலகி இருக்க நினைத்தவர்கள் ஆரம்பத்தில் எகிப்தின் பாலைவனத்துக்குப் போனார்கள். பாலைவனம் இல்லாத ஐரோப்பாவில் தீவுகளைத் தேடினார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் தெற்கு பிரான்ஸில் இருக்கிறது. திரைப்பட விழாவுக்குப் பெயர்போன கான் நகரத்துக்கு எதிரே, படகில் கால் மணி நேர தூரத்தில் செயின்ட் ஒனோரா என்ற குட்டித் தீவு. நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒனோராத்து என்ற துறவி அங்கே ஒரு மடத்தைத் தொடங்கினார். லெரான் மடம் என்று அது பெயர் பெற்றது.

அமைதியைத் தேடிப் போன இடத்துக்குக் கடல் கொள்ளையர்கள் வந்தார்கள். திரும்பத் திரும்ப நடந்த தாக்குதல்களால், 11-ம் நூற்றாண்டில் துறவிகள் கடலை ஒட்டி ஒரு கோட்டையையே கட்டத் தொடங்கினார்கள். வெளியே பார்த்தால் தடித்த சுவரும் கண்காணிப்புக் கோபுரமும். உள்ளே போனால் சிற்றாலயம், நூலகம், துறவிகளின் அறைகள். மடமே கோட்டை, கோட்டையே மடம்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தீவு விற்பனைக்கு வந்து, ஒரு நாடக நடிகையின் கைக்குப் போன கதையும் உண்டு. 1869-ல் சிஸ்டர்சியன் சபைத் துறவிகள் வந்து மறுபடி மடத்தை உயிர்ப்பித்தார்கள். இன்றும் அங்கே துறவிகள் இருக்கிறார்கள். திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரிக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் படகில் போய் கடலோரம் நிற்கும் அந்தப் பழைய கோட்டை மடத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. துறவிகள் தீவைத் தேர்ந்தெடுத்தது தனிமைக்காக. சுவர் எழுப்பியது உயிரையும் புத்தகங்களையும் காப்பாற்ற. இதே இரண்டு தேவைகளும் கொடைக்கானல் மலையிலும் வந்தன. ஆனால் வேறு விதமாக.

கொடைக்கானல் எப்படித் தீவு ஆகும்?

மலை உச்சிகளை 'வானத் தீவு' என்று சொல்வது உயிரியல் ஆய்வாளர்களிடம் இருக்கும் வழக்கம். காரணம் எளிமையானது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறு, ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். கொடைக்கானல் நகரம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். கீழே வத்தலகுண்டில் வெயில் கொளுத்தும்போது மேலே ஸ்வெட்டர் தேவைப்படுவது இதனால்தான்.

குளிருக்குப் பழகிய செடியோ பறவையோ அந்த வெயில் காயும் சமவெளியைத் தாண்டி இன்னொரு மலைக்குப் போக முடியாது. மீனுக்குக் கரை எப்படியோ, சோலைக்காட்டுப் பறவைக்குச் சமவெளி அப்படி. கடல் தண்ணீருக்குப் பதிலாக வெப்பம் சூழ்ந்த தீவு என்று வைத்துக்கொள்ளலாம்.

பழனி மலைத்தொடர் கிழக்கு மேற்காக சுமார் 65 கிலோமீட்டர், வடக்கு தெற்காக சுமார் 40 கிலோமீட்டர். மேற்கே ஆனைமலையோடும் மூணாறு பக்கத்து உயரமான மலைகளோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் சமவெளிதான். வடக்கே, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் நீலகிரி.

இந்தப் பிரிவு பறவைகளிலேயே தெரியும். நீலகிரியில் இருக்கும் சிரிப்பான் பறவை வேறு இனம், பழனி மலையில் இருக்கும் சிரிப்பான் வேறு இனம். ஒரு காலத்தில் ஒரே குடும்பமாக இருந்தவை, நடுவில் வெப்பப் பள்ளம் இருப்பதால் லட்சக்கணக்கான ஆண்டுகளில் தனித்தனியாகிவிட்டன. பழனி சிரிப்பானின் அறிவியல் பெயரில் 'ஃபேர்பேங்கி' என்று ஒரு சொல் வரும். அது சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரியின் பெயர். பழனி மலையில் அவர் சேகரித்த பறவையை வைத்துத்தான் 1869-ல் அந்த இனம் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. இந்த மலையில் வேதமும் விஞ்ஞானமும் சேர்ந்தே நடந்ததற்கு இது ஓர் அடையாளம்.

சாமியார்கள் மலை ஏறியது ஏன்?

இயேசு சபை, ஸ்பெயின் நாட்டு இக்னேஷியஸ் லொயோலா தொடங்கியது. அவர் முதலில் போர்வீரர். 1521-ல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் குண்டடி பட்டுப் படுத்தவர், எழுந்தபோது வேறு மனிதராக இருந்தார். 1540-ல் போப்பாண்டவர் சபைக்கு ஒப்புதல் தந்தார்.

இந்தச் சபையினர் மற்ற துறவிகளைப்போல ஒரே மடத்துக்குள் ஆயுள் முழுக்க அடைந்து கிடப்பவர்கள் இல்லை. எங்கே அனுப்பினாலும் போக வேண்டும் என்பதுதான் விதி. அப்படித்தான் 1606-ல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். ஓரியூரில் 1693-ல் கொல்லப்பட்ட அருளானந்தர், 'தேம்பாவணி' எழுதிய வீரமாமுனிவர் என்று தமிழர்களுக்குத் தெரிந்த பெயர்கள் பலவும் இந்தச் சபையிலிருந்து வந்தவைதான்.

1773-ல் போப்பாண்டவரே சபையைக் கலைத்தார். 1814-ல் மறுபடி அனுமதி கிடைத்தது. 1838-ல் பிரெஞ்சு நாட்டு இயேசு சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பி வந்தார்கள்.

வந்தவர்களுக்குக் காத்திருந்தது காலராவும் காய்ச்சலும். இளம் வயதுக் குருக்கள் பலர் வந்த சில ஆண்டுகளிலேயே இறந்துபோனார்கள். அதே மதுரையில் வேலை செய்த அமெரிக்க புராட்டஸ்டன்ட் மிஷனரிகளுக்கும் இதே நிலைமை. அவர்கள்தான் முதலில் மலைமேல் ஏறினார்கள். 1845-ல் கொடைக்கானலில் அவர்கள் கட்டிய இரண்டு வீடுகளிலிருந்துதான் இன்றைய நகரம் தொடங்குகிறது.

அவர்களைத் தொடர்ந்து இயேசு சபையினரும் வந்தார்கள். கொடைக்கானலில் இருக்கும் லா சலேத் மாதா ஆலயம் 1866-ல் எழுந்தது. பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் லா சலேத் கிராமத்தின் பெயர் அது. ஆகஸ்ட் மாதத் திருவிழாவுக்கு இப்போதும் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து கூட்டம் கூடுகிறது.

ஆக, லெரான் துறவிகளைத் துரத்தியது கடல் கொள்ளையர்கள். மதுரை சாமியார்களைத் துரத்தியது காலரா. அங்கே பாதுகாப்புக்குச் சுவர். இங்கே பாதுகாப்புக்கு உயரம்.

செண்பகனூரில் அப்படி என்ன இருந்தது?

1895-ல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி தொடங்கப்பட்டபோது இன்றைய மலைச்சாலை கிடையாது. ரயில் அம்மையநாயக்கனூர் வரைதான். இப்போதைய கொடைரோடு ரயில் நிலையம் அதுதான். அங்கிருந்து மாட்டு வண்டியில் அடிவாரத்தில் இருக்கும் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. பிறகு குதிரையிலோ, சுமைகூலிகள் தூக்கும் நாற்காலியிலோ, இல்லையென்றால் காலால் நடந்தோ மேலே ஏற வேண்டும். வத்தலகுண்டு வழியாக வண்டிச் சாலை வந்தது 20-ம் நூற்றாண்டில்தான்.

அப்படி ஏறி வந்த இளம் துறவிகளுக்கு வேலை படிப்பது. தத்துவம், லத்தீன், தமிழ். கூடவே இயற்கை அறிவியலும். படைப்பைப் படிப்பதும் படைத்தவரை அறியும் ஒரு வழி என்பது இயேசு சபையில் பழைய நம்பிக்கை. வாரத்தில் ஒருநாள் மலையில் நீண்ட தூரம் நடப்பதும் குருமடங்களில் இருந்த வழக்கம்.

நடந்தவர்கள் சும்மா திரும்பவில்லை. செடியைப் பறித்து வந்தார்கள். பூச்சியைப் பிடித்து வந்தார்கள். காட்டுக்குள் கண்ட கல்திட்டைகளை அளந்து எழுதினார்கள். பழனி மலையின் கல்திட்டைகளைப் பற்றி இயேசு சபையினர் இருவர் எழுதிய ஆய்வை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை தன் வெளியீடாகவே கொண்டுவந்தது. தாண்டிக்குடி, பெருமாள்மலை பக்கம் இன்றும் நிற்கும் பெருங்கற்காலக் கல்லறைகளை ஆராய்பவர்கள் அந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டியவர் லூயி அங்க்லாட். 1873-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். செண்பகனூரில் இருந்துகொண்டு மலையின் செடிகளை ஒவ்வொன்றாக வண்ணத்தில் வரைந்தார். கேமராவில் கலர் வராத காலம். காய்ந்துபோன செடியில் பூவின் நிறம் நிற்காது. நிறத்தைக் காப்பாற்ற ஒரே வழி தூரிகைதான். 1953-ல் அவர் இறந்தார். அவர் பெயரில் செண்பகனூரில் இயற்கை வரலாற்று நிலையம் ஒன்று பின்னாளில் அமைந்தது.

காய்ந்த செடிக்கு என்ன மதிப்பு?

குருமடம் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்ததுதான் செண்பகனூர் இயற்கை அறிவியல் அருங்காட்சியகம். பதம் செய்யப்பட்ட விலங்குகள், பறவைகள், கண்ணாடி ஜாடிகளில் பாம்புகள், ஊசியில் குத்திய வண்ணத்துப்பூச்சிகள், மலைவாழ் மக்களின் பொருட்கள் என்று காட்சிக்கு இருக்கின்றன. சுமார் 300 வகை ஆர்க்கிட் செடிகளை வளர்க்கும் பூங்காவுக்கும் இந்த இடம் பெயர் பெற்றது.

சின்னப் பிள்ளைகளோடு போனால் புலியையும் பாம்பையும்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். ஆனால் இங்கே உண்மையான சொத்து, காட்சிக்கு வைக்காத ஒன்று. உலர்தாவரத் தொகுப்பு.

அது எப்படிச் செய்யப்படுகிறது? பூவும் இலையும் இருக்கும் ஒரு கிளையைப் பறித்து, காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைப்பார்கள். காய்ந்ததும் கெட்டியான தாளில் ஒட்டுவார்கள் அல்லது தைப்பார்கள். மூலையில் ஒரு சீட்டு. செடியின் பெயர், எந்த இடம், எவ்வளவு உயரம், என்ன தேதி, பறித்தவர் யார். அவ்வளவுதான்.

பார்ப்பதற்குப் பள்ளிப் பிள்ளைகள் நோட்டுக்குள் வைக்கும் இலை மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சீட்டுதான் சாட்சி. ஒரு ஓடைக்கரையில் 1900-ங்களில் ஒரு செடி இருந்தது என்று சீட்டு சொல்லும். இன்று அங்கே போய்ப் பார்த்தால் யூகலிப்டஸ் நிற்கும். அப்படியென்றால் இடையில் என்ன நடந்தது என்று கேட்க முடியும். அந்தத் தாள் இல்லையென்றால், இந்த இடம் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மறுக்க ஆதாரம் இருக்காது.

இந்த வேலையைப் பெரிய அளவில் முடித்துக் காட்டியவர் கே.எம்.மாத்யூ. 1930-ல் பிறந்த இயேசு சபைத் துறவி, தாவரவியலாளர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் ராபினா உலர்தாவர நிலையத்தைத் தொடங்கியவர். அவருடைய 'பழனி மலைத் தாவரங்கள்' ஆங்கில நூல் 1999-ல் வந்தது. பழனி மலையில் எந்தச் செடி எங்கே வளர்கிறது என்று கேட்டால் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்கும் நூல் அதுதான். 2004-ல் அவர் காலமானார்.

மலைக்கு என்ன ஆச்சு?

இங்கேதான் இந்தக் கதையின் கஷ்டமான பகுதி வருகிறது.

பழனி மலையின் மேற்பகுதி இயற்கையில் இரண்டு விதமாக இருந்தது. பள்ளங்களிலும் ஓடையோரங்களிலும் அடர்த்தியான, குட்டையான மரங்கள் கொண்ட சோலைக்காடு. மேட்டிலும் சரிவிலும் புல்வெளி. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அந்தப் புல்வெளியில்தான் வளரும். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030-ல்.

புல்வெளி என்றால் காடு அழிந்துபோன வெற்றிடம் என்றுதான் ஆங்கிலேய அதிகாரிகள் நினைத்தார்கள். வெற்று நிலமாகக் கணக்கில் எழுதினார்கள். சும்மா கிடக்கும் நிலத்தில் மரம் நட்டால் என்ன என்ற யோசனை சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. தோல் பதனிட வேண்டிய பட்டைக்காக வாட்டில் மரம் வந்தது. காகிதக் கூழுக்கும் செயற்கை இழைக்கும் யூகலிப்டஸ் வந்தது. பைன் வந்தது. தொழிற்சாலைகளுக்கும் பசுமை காட்டுவதற்கும் என்று நட்டவை, பிறகு தானாகவே பரவின. வாட்டில் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் எரித்தாலும் முளைக்கும்.

விளைவு என்ன? பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டதாகக் காட்டியது. காரணம் மரத்தோட்டங்களும் விவசாயமும். அந்த ஆய்வின் தலைப்பிலேயே பழனி மலையை 'வானத் தீவு' என்றுதான் குறிப்பிட்டிருந்தார்கள்.

இது பூ, புல் சம்பந்தப்பட்ட கவலை மட்டும் இல்லை. பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, மஞ்சளாறு, மருதாநதி என்று சுற்று வட்டாரத்தில் இருக்கும் அணைகள் எல்லாம் இந்த மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை நம்பியவை. புல்லும் சோலையும் மழையை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி வைத்து மெதுவாக விடும். மலைமேல் புல் போனால், கீழே பழனியிலும் வத்தலகுண்டிலும் தேவதானப்பட்டியிலும் இருக்கும் வாய்க்காலுக்கு அது ஒருநாள் தெரியவரும்.

இதில் மிஷனரிகளுக்கும் பங்கு உண்டா?

உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. கொடைக்கானலுக்கு வந்த ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் தங்கள் ஊர் நினைவாகவும், விறகுக்காகவும், அழகுக்காகவும் வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்தார்கள். 1863-ல் ஏரியை உருவாக்கிய மதுரை கலெக்டர் லெவிஞ்சுக்கு, பேரிக்காய் போன்ற பழமரங்களையும் யூகலிப்டஸையும் இங்கே அறிமுகப்படுத்திய பேரும் உண்டு. மடங்களின் தோட்டங்களும் பங்களாக்களின் தோட்டங்களும் அப்படித்தான் வளர்ந்தன.

வந்தவர்களில் ஒரு பகுதியினர் மலையைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், இன்னொரு பகுதியினர் மாறுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். சில நேரம் இரண்டையும் செய்தவர் ஒரே ஆளாகவும் இருந்திருக்கலாம். கொடைக்கானலில் குடியேறிய வெளிநாட்டுச் செடிகளுக்கு என்றே மாத்யூ 1969-ல் ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார். எது இந்த மலையின் சொந்தச் செடி, எது வந்தேறி என்று பிரித்துப் பார்க்க முடிவதே அந்தக் கணக்கு இருப்பதால்தான்.

லெரான் தீவில் கோட்டை கட்டிய துறவிகள் மடத்துக்குள் இருந்ததைக் காப்பாற்றினார்கள். செண்பகனூர் சாமியார்கள் கோட்டை கட்டவில்லை. மடத்துக்கு வெளியே இருந்ததைக் காகிதத்தில் ஏற்றி உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். காகிதம் தப்பித்தது. வெளியே இருந்த மலை அந்த அளவுக்குத் தப்பிக்கவில்லை.

இழந்ததை மீட்க முடியுமா?

கொஞ்சம் முடியும். அதற்குத்தான் பழைய பதிவு தேவை. எந்தப் புல், எந்த மரம், எந்த உயரத்தில் இருந்தது என்று தெரியாமல் எதைத் திரும்ப நடுவது?

1985-ல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், பின்னால் வந்த வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையும் சோலை மரங்களுக்கும் மலைப்புல்லுக்கும் நாற்றங்கால் வைத்து வளர்த்துப் பார்த்தன. 2013-ல் சுமார் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்நியச் செடிகளை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவுகள் போட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு, அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கையை வெளியிட்டது.

ஆனால் எல்லா வாட்டிலையும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று சொல்ல முடியாது. பழைய மரத்தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தானாக முளைத்து வருவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே இயந்திரம் வைத்து மொத்தமாக வெட்டினால், வரும் சோலையும் சேர்ந்து போகும். புல்வெளிக்குக் கதை தலைகீழ். மரம் மூடிவிட்டால் புல் திரும்ப வருவது மிகக் கடினம். அதனால் இன்னும் மிச்சம் இருக்கும் புல்வெளியில் புதிதாக முளைக்கும் வாட்டில் கன்றுகளை உடனே பிடுங்குவதுதான் முதல் வேலை.

செண்பகனூருக்குப் போவது எப்படி?

சென்னை, மதுரை பக்கமிருந்து ரயிலில் வருபவர்கள் கொடைரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலகுண்டு வழியாக மலை ஏற வேண்டும். பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டினால் செண்பகனூர். கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வருவதென்றால் சுமார் 5 கிலோமீட்டர்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறந்துவிடக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். 2025 கோடைக்காலத்தில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை.

அருங்காட்சியகத்தின் நேரமும் விடுமுறையும் அவ்வப்போது மாறக்கூடியவை. கொடைக்கானல் வந்ததும் உள்ளூரில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. குருமடக் கட்டடம் சுற்றுலாத் தலம் இல்லை. தியானத்துக்கும் ஜெபத்துக்கும் ஆட்கள் வந்து தங்கும் இடம். சத்தம் போடாமல், அனுமதித்த இடத்தில் மட்டும் நடப்பதுதான் மரியாதை. துறவிகளின் தத்துவப் படிப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே சென்னைக்குப் போய்விட்டதால், பழைய காலத்துக் கூட்டத்தை இப்போது அங்கே எதிர்பார்க்க முடியாது.

ஆர்க்கிட் பூக்களையோ மற்ற செடிகளையோ பறிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. வேறு ஊரிலிருந்து செடியோ விதையோ கொண்டுவந்து மலையில் நட்டுவிட்டுப் போகாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் சரி. இந்த மலையைப் புரட்டிப் போட்டதே அப்படி வந்த செடிகள்தான்.

எதைப் பார்த்துவிட்டு வர வேண்டும்?

அருங்காட்சியகத்தில் பழைய செடிகளையும் படங்களையும் பார்த்து முடித்ததும், வெளியே வந்து எதிர்ச் சரிவை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். பச்சையாகத்தான் இருக்கும். முதல் தடவை வருபவர்களுக்கு எல்லாமே காடுதான். ஆனால் அந்தப் பச்சையில் எது யூகலிப்டஸ், எது வாட்டில், எது பைன், எது சோலை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மலையின் கதை புரிந்துவிடும். யூகலிப்டஸ் நெடுநெடுவென்று வெளுத்த தண்டோடு நிற்கும். பைன் வரிசை பிடித்து நிற்கும். சோலை மரங்கள் குட்டையாக, ஒன்றோடொன்று நெருங்கி, பள்ளத்தில் பதுங்கி இருக்கும். தளிர் விடும் காலத்தில் அவற்றின் உச்சி சிவப்பும் செம்புநிறமுமாக மாறும்.

1895-ல் இதே இடத்தில் நின்ற ஒரு இளம் துறவி, குருமடத்திலிருந்து வெளியே வந்து பார்த்தது வேறு ஒரு மலை. அதில் அவர் பறித்த ஒரு கிளை மட்டும், தேதியோடும் இடத்தின் பெயரோடும், ஒரு தாளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.